பூமிக்கடியில் கரியமில வாயு: மக்காச்சோளச் சீமை தரும் பாடம்

பாழுங்கிணற்றில் இறங்கித் தூர் வாருவதற்கு முன், கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பது நம் கிராமங்களில் பெரியவர்கள் கைக்கொண்ட வழக்கமாகும். விளக்கு பாதியில் அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. கிணற்றின் அடியில் கரியமில வாயு தேங்கி நிற்கிறது என்பது அதன் பொருள். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. ஆகையால் பள்ளத்தில் படியும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. விளக்கை அணைக்கும் அதே வாயு ஆளையும் சாய்த்துவிடும்.

"அந்த வாயுவையா, ஐயா, வெளிநாட்டில் போர் போட்டுப் பூமிக்குள் இறக்குகிறார்கள்? அப்படிச் செய்தால் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும்?" என்று பயிற்சி முகாம் ஒன்றில் ஒரு விவசாயி கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த முகாமில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாகக் காண்போம்.

ஏன் இறக்குகிறார்கள்?

நிலக்கரியும் பெட்ரோலியமும் பல கோடி ஆண்டுகளாகப் பூமிக்கடியில் புதைந்து கிடந்த கரிமம். அவற்றைத் தோண்டி எடுத்து எரிக்கும்போது அந்தக் கரிமம் கரியமில வாயுவாக மாறிக் காற்றில் கலக்கிறது. இயந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன்பு பத்து லட்சம் பங்கு காற்றில் இவ்வாயு சுமார் 280 பங்கு இருந்தது. 2024-ஆம் ஆண்டில் 420 பங்கைத் தாண்டிவிட்டது. இவ்வாயு பூமியின் மேல் விரித்த போர்வை போல வெப்பத்தை வெளியேற விடாமல் நிறுத்துகிறது. போர்வை தடிக்கத் தடிக்கப் பூமி சூடேறுகிறது.

எரிப்பதைக் குறைப்பதுதான் முதல் வழி. சூரிய மின்சாரமும் காற்றாலையும் அதற்காகவே. ஆனால் சில தொழில்களில் எரிபொருளை மாற்றினாலும் வாயு நிற்காது. சுண்ணாம்புக் காளவாயை நினைத்துப் பாருங்கள். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் கிடைக்கும். மீதி 44 கிலோ கல்லிலிருந்தே கரியமில வாயுவாக வெளியேறிவிடும். சிமெண்டு ஆலையில் நடப்பதும் இதுவே. இத்தகைய வாயுவை வெளியே விடாமல் பிடித்து, வந்த இடமாகிய பூமிக்கே திருப்பி அனுப்பலாம் என்பதுதான் இத்திட்டத்தின் அடிப்படை.

பிடிப்பதுதான் பெருஞ்செலவு

அனல் மின் நிலையத்தின் புகையில் கரியமில வாயு 100-க்கு 10 முதல் 15 பங்குதான் உள்ளது. மீதியில் பெரும்பகுதி சாதாரண நைட்ரஜன். எனவே புகையை ஒருவகை மருந்துக் கரைசலின் ஊடே செலுத்துகிறார்கள். கரைசல் கரியமில வாயுவை மட்டும் உறிஞ்சிக் கொள்ளும். பின்னர் அக்கரைசலைச் சூடேற்றினால் வாயு தனியே பிரிந்து வரும். கரைசலை மீண்டும் பயன்படுத்தலாம். இவ்வாறு சூடேற்றவும், வாயுவை அழுத்தவும் அந்த மின் நிலையம் உண்டாக்கும் ஆற்றலிலேயே கணிசமான பகுதி செலவாகிவிடுகிறது. இத்திட்டம் எங்கும் பரவாமல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

நம் மாநிலத்தில் தூத்துக்குடி இரசாயன ஆலை ஒன்றில் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60 ஆயிரம் டன் வாயுவைப் பிடிக்கும் அமைப்பு 2016-இல் தொடங்கப்பட்டது. ஆனால் அங்கே வாயுவைப் பூமிக்குள் அனுப்பவில்லை. சோடா உப்புத் தயாரிப்பதற்காகவே பிடித்தார்கள்.

வாயு ஏற்கெனவே தூய்மையாக வெளிவரும் இடத்தில் பிடிக்கும் செலவு மிகக் குறைவு. அப்படிப்பட்ட ஓர் இடம் விவசாயத்தோடு நேரடித் தொடர்புடையது. அதனால் அதையே உதாரணமாக எடுத்துக் கொள்வோம்.

டிகேட்டர் நகரில்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சீமை. அங்குள்ள டிகேட்டர் நகரில் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லாண்ட் என்ற நிறுவனம் மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்து எத்தனால் எனப்படும் எரிசாராயம் தயாரிக்கிறது. பதநீர் புளிக்கும்போது நுரைத்துப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நுரையில் இருப்பது கரியமில வாயுவே. மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை சாராயமாகவும், ஒரு பங்கு கால்நடைத் தீவனத்துக்கு உதவும் சக்கையாகவும், ஒரு பங்கு கரியமில வாயுவாகவும் பிரிகிறது. இந்த வாயு கிட்டத்தட்டத் தூய்மையானது. நீரை நீக்கி அழுத்தினால் போதும். நம் நாட்டில் கரும்புப் பாகிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எத்தனால் எடுக்கும் ஆலைகளிலும் இதே வாயுதான் வெளிவருகிறது.

டிகேட்டரில் இல்லினாய் மாநில நிலவியல் ஆய்வகத்தின் தலைமையில் 2011 நவம்பர் முதல் 2014 நவம்பர் வரை சோதனை நடந்தது. நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன் வீதம் மூன்று ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் டன் வாயு, ஏறத்தாழ 7,000 அடி ஆழத்தில் செலுத்தப்பட்டது. 2017 ஏப்ரலில் இரண்டாவது கிணற்றில், ஆண்டுக்கு 10 லட்சம் டன் வரை இறக்கும் அளவில் வேலை தொடங்கியது.

ஆழத்தில் நடப்பது என்ன?

"பூமிக்குள் இறக்குகிறார்கள்" என்றதும் அடியில் பெரிய குகை ஒன்று இருப்பதாகச் சிலர் எண்ணிக் கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. 7,000 அடியில் இருப்பது மவுண்ட் சைமன் என்னும் மணற்பாறை. ஆற்று மணலில் தண்ணீர் நிற்பது போல இப்பாறையின் நுண்துளைகளில் நீர் நிறைந்திருக்கிறது. அது கடல் நீரைவிடப் பல மடங்கு உப்பானது. குடிக்கவும் ஆகாது, பாசனத்துக்கும் ஆகாது. வாயு செல்வது இந்தத் துளைகளுக்குள்தான்.

ஆழமாக இறக்குவதற்குக் காரணம் உண்டு. தரைமட்டத்தில் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 500 கன மீட்டருக்கும் அதிகமான இடம் வேண்டும். 800 மீட்டருக்குக் கீழே சென்றால் அங்குள்ள அழுத்தத்திலும் சூட்டிலும் அது திரவம் போல அடர்ந்து சுமார் இரண்டு கன மீட்டருக்குள் அடங்கிவிடும்.

அவ்வாறு அடங்கிய வாயுவை நான்கு காரணங்கள் அங்கே நிறுத்தி வைக்கின்றன. ஒன்று, மேலே உள்ள மூடுபாறை. டிகேட்டரில் இது கெட்டியான களிப்பாறை. ஏரிக்கரையின் நடுவே களிமண் வைத்து நீர் கசியாமல் தடுப்பது போல இது வாயுவை மேலேற விடாமல் தடுக்கிறது. இரண்டு, துளைகளில் சிறு சிறு குமிழ்களாகச் சிக்கிக் கொள்வது. மூன்று, உப்பு நீரில் கரைந்து போவது. நான்கு, பாறையிலுள்ள உலோகச் சத்துகளோடு சேர்ந்து கல்லாகவே மாறுவது. சாதாரண மணற்பாறையில் கல்லாக மாறப் பல நூறு, பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். ஐஸ்லாந்து நாட்டின் எரிமலைக் கரும்பாறையில் 2012-இல் நீரில் கரைத்து இறக்கிய வாயுவோ, இரண்டே ஆண்டுகளுக்குள் 100-க்கு 95 பங்குக்கு மேல் கல்லாகிவிட்டதாக 2016-இல் அறிவித்தார்கள்.

நார்வே நாடு 1996 முதல் வடகடலுக்கு அடியிலுள்ள மணற்பாறையில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் அளவில் வாயுவை இறக்கி வந்துள்ளது. அதிர்வலைகளை அனுப்பி, உள்ளே வாயு எங்கே பரவியுள்ளது என்பதைப் படமாகவே எடுத்துப் பார்க்கிறார்கள். ஆகவே தகுந்த பாறையைத் தேர்ந்தெடுத்தால் வாயு அடியிலேயே தங்கும் என்பதில் அறிவியல் முறையில் பெரிய ஐயம் இல்லை.

பாறையைவிடத் துளையே பலவீனம்

அப்படியானால் கவலைக்கே இடமில்லையா? இருக்கிறது. அது பாறையில் இல்லை, நாம் போடும் துளையில் இருக்கிறது.

கடலோரப் பகுதி விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேலே உப்பு நீர், கீழே நல்ல நீர் உள்ள இடத்தில் போர் போடும்போது கேசிங் குழாயைச் சரியாக இறக்காவிட்டாலும், இறக்கிய குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும், உப்பு நீர் அந்த வழியே இறங்கி நல்ல நீரைக் கெடுத்துவிடும். இயற்கை இட்ட தடுப்பை நாம் குத்தித் துளைத்துவிட்டோம். குழாய் ஒன்றுதான் அதற்கு மாற்றுத் தடுப்பு. கரியமில வாயுக் கிணற்றிலும் இதே நிலைதான். அங்கே அடியில் இருப்பது இன்னும் கடுமையான உப்பு நீர். அதனோடு அழுத்தம் மிகுந்த வாயு. வாயு நீரில் கரைந்தால் புளிப்பேறும். புளிப்பு நீர் இரும்பை அரிக்கும்.

டிகேட்டரில் நடந்ததும் இதுதான். வாயுவை இறக்கும் கிணற்றைத் தவிர, அடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காகவே கண்காணிப்புக் கிணறுகளும் போட்டிருந்தார்கள். அவற்றுள் ஒன்றின் குழாய் அரிக்கப்பட்டு, சுமார் 5,000 அடி ஆழத்தில், அனுமதிக்கப்படாத பாறை அடுக்கினுள் வாயுவும் உப்பு நீரும் கசிந்தன. 2024 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை விதிமீறல் என்று அறிவிப்பு அனுப்பியது. ஊர் மக்களுக்குச் செய்தி பரவலாகத் தெரிய வந்தது செப்டம்பரில். அதே மாதத்தில் மற்றொரு கண்காணிப்புக் கிணற்றிலும் ஐயம் எழவே, நிறுவனம் வாயு இறக்குவதை நிறுத்தி வைத்தது.

கசிவு குடிநீர் அடுக்கை எட்டவில்லை என்று நிறுவனம் கூறியது. ஊரார் நீர் எடுப்பது சில நூறு அடிக்குள். கசிவு நேர்ந்ததோ 5,000 அடியில். இடையே பல அடுக்குப் பாறைகள் உள்ளன. ஆனாலும் காவலுக்குப் போட்ட கிணறே கசிந்தது என்பது வேலியே பயிரை மேய்ந்த கதைதான். மத்திய இல்லினாயில் லட்சக்கணக்கான மக்கள் குடிநீருக்கு நம்பியிருப்பது மகோமெட் என்னும் நிலத்தடி நீரடுக்கை. அந்த அடுக்கைத் துளைத்துக் கொண்டு வாயுக் கிணறு இறக்குவதைத் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2025 ஆகஸ்டில் அம்மாநிலம் அதைத் தடை செய்து சட்டம் இயற்றியது.

நல்ல நீரில் இவ்வாயு கலந்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்து கொள்ளுங்கள். சோடா நீரில் இருப்பது இதே வாயுதான். எனவே வாயு மட்டும் கலந்தால் அது நஞ்சன்று. ஆனால் புளிப்பேறிய நீர், பாறையில் உள்ள ஈயம், ஆர்சனிக் போன்றவற்றைக் கரைத்துக் கொண்டு வரக்கூடும். வாயுவின் அழுத்தத்தால் உப்பு நீர் மேலே தள்ளப்படுவது அதைவிடப் பெரிய கேடு. உப்பேறிய கிணற்றை மீட்பது எவ்வளவு கடினம் என்பது விவசாயிகள் அறிந்ததே.

குழாய் வழியில் மற்றோர் ஆபத்து

ஆலை இருக்கும் இடத்திலேயே தகுந்த பாறை அமைவதில்லை. அமையாத இடத்தில் வாயுவைக் குழாய் வழியே கொண்டு செல்ல வேண்டும். 2020 பிப்ரவரி 22-ஆம் நாள் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூருக்கு அருகே இத்தகைய குழாய் ஒன்று உடைந்தது. பலத்த மழையில் மண் சரிந்ததே காரணம். வெளிப்பட்ட வாயு தாழ்வான பகுதியில் படிந்து ஊரை மூடியது. எரிவதற்குப் பிராணவாயு போதாமல் கார்களின் எஞ்சின்கள் நின்றன. சுமார் 200 பேர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 45 பேர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றனர். உயிரிழப்பு நேரவில்லை. நம் பாழுங்கிணற்றில் விளக்கை அணைக்கும் அதே செயல், அங்கே ஓர் ஊர் அளவில் நடந்தது.

இதன் பின்னர் அயோவா, தெற்கு டக்கோட்டா போன்ற மாநிலங்களின் எத்தனால் ஆலைகளை இணைத்து மிக நீண்ட குழாய் போட ஒரு நிறுவனம் முனைந்தபோது விவசாயிகள் பலர் எதிர்த்தனர். பாதுகாப்பு மட்டும் அவர்களது கவலை அன்று. குழாய் புதைத்தால் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துவிடும். கனரக வண்டிகளால் நிலம் இறுகும். வயலின் அடியில் பதித்த வடிகால் குழாய்கள் உடையும் என்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, உடன்படாதவர் நிலத்தையும் சட்டத்தின் துணையோடு எடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. தெற்கு டக்கோட்டாவில் 2025 மார்ச்சில், கரியமில வாயுக் குழாய்க்காக நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதைத் தடை செய்யும் சட்டம் வந்தது.

அடிநிலம் யாருடையது? பொறுப்பு யாருடையது?

ஒரு டன் வாயுவை நிரந்தரமாகப் புதைத்தால் 85 டாலர் வரை வரிச் சலுகை என்று 2022-இல் அமெரிக்க அரசு சட்டம் செய்தது. ஆகவே பூமிக்கடியிலுள்ள பாறையின் வெற்றிடத்துக்கும் விலை வந்துவிட்டது. அந்த இடம் மேலே உள்ள நிலத்தின் உரிமையாளருக்கே சொந்தம் என்று இல்லினாய் மாநிலம் 2024-இல் சட்டத்தில் எழுதியது. ஆனால் அடியில் பரவும் வாயுவுக்கு வரப்பு தெரியாது. ஒரு கிணற்றில் இறக்கியது பலருடைய நிலங்களின் கீழ் படரும். எனவே வடக்கு டக்கோட்டாவில் 2009-இல் செய்த சட்டத்தின்படி 100-க்கு 60 பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மற்றவர்களையும் சேர்த்துவிடலாம். இல்லினாய் இந்த அளவை 75 பங்கு என்று உயர்த்தி வைத்தது. இசையாத விவசாயிக்கு இழப்பீடு உண்டு. மறுக்கும் உரிமை இல்லை.

காலக் கணக்கையும் பாருங்கள். வாயு இறக்குவது நின்ற பிறகும் 50 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதியில் பொதுவாக வகுத்த அளவு. நிலம் கொடுத்தவர் காலம் முடிந்து பிள்ளைகள் உழும்போதும் அந்தக் கண்காணிப்பு நடந்து கொண்டிருக்கும். ஆகையால் இதில் ஒப்பந்தம் என்பது ஒரு தலைமுறையோடு முடிவதன்று.

அளவும் தெரிய வேண்டும்

உலகில் எரிபொருள்களாலும் ஆலைகளாலும் ஆண்டுதோறும் வெளிவரும் கரியமில வாயு சுமார் 3,700 கோடி டன். பிடிக்கும் ஆலைகள் அனைத்தின் திறனும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டன். 75 கிலோ மூட்டை நெல்லில் 100 கிராம் எடுத்தது போன்ற அளவு இது. அதிலும் பெரும்பகுதி, பழைய எண்ணெய்க் கிணறுகளில் எஞ்சிய எண்ணெயை வெளியே தள்ளுவதற்கே பயன்படுகிறது. ஆகவே இம்முறை வேறு வழியில்லாத ஆலைகளுக்கு உதவும் துணை மருந்து. "புதைத்துக் கொள்ளலாம், எவ்வளவு வேண்டுமானாலும் எரிக்கலாம்" என்று எண்ணுவது தவறு.

மண்ணில் சேர்க்கும் கரிமம் வேறு

தொழு உரம், பசுந்தாள் உரம், மட்கிய இலை தழை ஆகியவற்றால் நம் வயலில் சேரும் கரிமத்தையும் இதையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டாம். மேல்மண்ணில் சேரும் கரிமம் நீரைப் பிடித்து வைக்கும், நுண்ணுயிர்களை வளர்க்கும், விளைச்சலுக்கு உதவும். ஆனால் எரு இடுவதை நிறுத்தி அடிக்கடி உழுதால் அது சில ஆண்டுகளிலேயே மீண்டும் காற்றுக்குப் போய்விடும். ஆழத்தில் புதைத்த வாயு நிலைத்து நிற்கும். ஆனால் பயிருக்கு எந்தப் பயனும் இல்லை.

"கார்பன் பணம்" தருவதாகச் சொல்லி யாரேனும் ஒப்பந்தத்துடன் வந்தால் முதலில் அது எந்த வகை என்று கேளுங்கள். கணக்கு கரிமத்திலா, கரியமில வாயுவிலா என்றும் கேளுங்கள். ஒரு டன் கரிமம் 3.67 டன் கரியமில வாயுவுக்குச் சமம். இந்த வேறுபாடு தெரியாவிட்டால் பணத்தில் ஏமாற நேரும்.

பூமிக்குள் எதை இறக்கும் திட்டமானாலும், எந்த நாட்டிலானாலும், விவசாயி கேட்க வேண்டியவை நான்கு. என் கிணற்று நீரை வேலை தொடங்குமுன் பரிசோதித்து எழுத்தில் தருவீர்களா? அருகிலுள்ள பழைய, கைவிட்ட துளைகளை எல்லாம் கண்டுபிடித்து அடைத்தாயிற்றா? கசிவு ஏற்பட்டால் எத்தனை நாளில் ஊருக்குச் சொல்வீர்கள்? நிறுவனம் மூடப்பட்டால் அதன் பிறகு பொறுப்பு யாருக்கு? முதல் கேள்வி மிகவும் முக்கியம். முன்பு நீர் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இல்லாதவர், பின்பு கெட்டுவிட்டது என்று நிரூபிக்க இயலாது.

இறுதியாக, தொடக்கத்தில் சொன்ன விளக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது. அணையவில்லை என்பதற்காகவும் முழுதும் நம்பிவிடக் கூடாது. விளக்கை அணைக்காத அளவிலேயே வாயு ஆளை மயக்கிவிடும், வேறு நச்சு வாயுக்களும் இருக்கலாம். சாண எரிவாயுக் கலனிலோ கழிவுத் தொட்டியிலோ விளக்கையோ தீயையோ காட்டவே கூடாது, எரிவாயு வெடித்துவிடும். கிணற்றில் ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்றுவதாக அடுத்தவர் உடனே குதிக்க வேண்டாம். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று உயிர்கள் போவது இப்படித்தான். இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே ஆள் நிற்காமல், காற்றோட்டம் செய்யாமல் எவரும் பாழுங்கிணற்றில் இறங்க வேண்டாம்.